திலகாவின் சக்களத்தி

குகனேஸ்வரன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கிட்டாரை வாங்கிவந்த சனிக்கிழமை, அதை ஏற்றிக்கொண்டு வந்தது என் லோரிதான். அதனால் அந்த வீட்டில் பிறகு நடந்த எல்லாவற்றிலும் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று என் மனைவி நீலாவதி சொல்வாள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. அடுத்தவர் வாயால் வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பிரிஞ்சாங்கில் பழைய ஹோட்டல் ஒன்றை இடிக்கப்போகிறார்கள் என்று யாரோ சொல்ல, குகன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஒரு காலத்தில் அங்கே மேல்மாடியில் வாரக் கடைசியில் ஆட்டபாட்டம் உண்டு. வாசித்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய சாமான்கள் மாடிப்படிக்குக் கீழே பூஞ்சைக்காளான் பிடித்த மெத்தைகளுக்கு நடுவில் கிடந்தன. குகன் குந்தி உட்கார்ந்து ஒரு மெத்தையை விலக்கினான். விலக்கியவன் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப்போகச் சிவப்பு, விளிம்பில் கறுப்பு. ஜப்பானில் செய்தது. எங்கள் இரண்டு பேரையும் விட வயதில் மூத்தது. நாலு சுவிட்சு இருந்தது, அதில் இரண்டு சும்மா அழகுக்கு. கூடவே, சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற, பின்பக்கம் கண்ணாடிக் குழாய்கள் வைத்த பெரிய பெட்டி ஒன்று. ஹோட்டல்காரர் மகன் குகனுடைய மோட்டாரைப் பார்த்தான், குகன் கிட்டாரைப் பார்த்தான். பேச்சு நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது.

குகன் வீடும் என் வீடும் ஒட்டியிருக்கும் எஸ்டேட் லயத்து வரிசையில் லோரி நின்றதும் திலகா வாசலுக்கு வந்தாள். குகனின் மனைவி. என்னை அண்ணே என்பாள், நானும் தங்கச்சி என்றுதான் நினைத்திருக்கிறேன்.

"மோட்டார் எங்கங்க?"

"மோட்டார் கெடக்குது லா. இங்க பாரு, அறுபத்தாறாம் வருஷத்துச் சாமான். இப்ப தேடினாலும் கெடைக்காது."

"திங்கக்கெழம கோலா தெர்லா பூந்தோட்டத்துக்கு நான் எதுல போறது? இதும்மேல குந்திக்கிட்டுப் போவவா?"

"பங்களாதேஷ் பசங்க வேன் போவுதுல்ல. அதுல ஒரு சீட்டு சொல்லிவுடுறேன்."

"வேலியில போன ஓணான எடுத்து மடியில வுட்டுக்கிட்ட கதைதான். அண்ணே, நீங்களும் கூடத்தான போனீங்க? வாய் இல்லையா ஒங்களுக்கு?"

எனக்கு வாய் இருந்தது. ஆனால் குகன் அந்த மெத்தையை விலக்கியபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபிறகு அது திறக்கவில்லை. என் கல்யாணத்தன்றுகூட என் முகம் அப்படி இருந்ததில்லை. போட்டோவில் பார்த்தால் தெரியும்.

குகனுக்கு நாற்பத்தாறு வயது. எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் அவன் பொறுப்பு. அடுப்பிலிருந்து வரும் அனல்காற்றில் இலை காய்ந்து வெளியே வரும் பெரிய இயந்திரம் அது. சின்ன வயதிலிருந்தே கிட்டார் வாசிப்பான், எல்லாம் இரவல் கிட்டார். எஸ்டேட்டில் இருந்த இசைக்குழு, ஆட்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப்போனதும் கலைந்துவிட்டது. இவன் மட்டும் வெறும் கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இருந்தான்.

எங்கள் மலையில் எதையும் உலர வைப்பது பெரும்பாடு. மூடுபனி சன்னல் வழியாக வந்து துணிப்பெட்டியில் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் காலில் நனைந்த பள்ளிக்கூடச் சப்பாத்து, நமத்த முறுக்கு, மழையில் நனைந்த அரிசி, எதுவானாலும் தொழிற்சாலை ஆட்கள் டிரையருக்குப் பின்பக்கம் கொண்டுபோய் வைப்பார்கள். ஒரே நாளில் மொறமொறவென்று திரும்பி வரும். வீட்டில் ஆள் யாரும் தொழிற்சாலையில் இல்லாதவர்கள் குகனிடம் கெஞ்சி வாங்கிக்கொள்வார்கள். ஒருமுறை கோயில் தவிலே அங்கே போய்வந்தது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும்.

கிட்டார் வந்த முதல் இரண்டு மாதம் குகன் அதைக் கழற்றினான், துடைத்தான், ஈயம் வைத்து ஒட்டினான். துருப்பிடித்த ஆணிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். ஒயர் சொருகும் துளை தேய்ந்து தொளதொளவென்று இருந்தது. அதற்கு மட்டும் வழி பிறக்கவில்லை. தேயிலைப் பாக்கெட்டின் வெள்ளித்தாளை மடித்து இடுக்கில் திணித்துச் சமாளித்தான். தாள் நழுவினால் சத்தம் 'கொர்' என்று செத்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசிப்பு. வாசித்து முடித்ததும் தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்துவான்.

அந்தக் கிட்டாருக்கு ஒரு குணம் உண்டு. கம்பிகளுக்குக் கீழே இருந்த காந்தப்பட்டைகள் பழசாகி, கிட்டத்தில் வாயை வைத்துப் பேசினால் பேச்சும் பெட்டியில் கேட்கும். குகனுக்கு இது தெரியும். தெரிந்தும் மறந்துவிடுவான். ஒருநாள் பெட்டியை அணைக்காமலே குனிந்து துடைத்துக்கொண்டு, "என்னா கண்ணு, இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்க? குளிருதா?" என்று கேட்டிருக்கிறான். பலகைச் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த எனக்கும் நீலாவதிக்கும் அது துல்லியமாகக் கேட்டது. எதிர் வரிசையிலும் கேட்டதாம்.

மறுநாள் துணி துவைக்கிற இடத்தில் திலகா நீலாவதியிடம் பொரிந்து தள்ளினாள்.

"போன மாசம் காய்ச்சல்ல மூணு நாள் கெடந்தேன் அண்ணி. 'குளிருதா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாரா? அந்தக் கட்டைக்குக் கேக்குறாரு. கண்ணாம், கண்ணு!"

"சக்களத்தி வந்துட்டா லா ஒனக்கு," என்றாள் நீலாவதி.

"சக்களத்தியா இருந்தா முடியப் புடிச்சி இழுக்கலாம். இத என்னா பண்றது?"

அன்றிலிருந்து லயத்தில் அதற்குப் பெயரே சக்களத்தி என்றாகிவிட்டது. குகன் சிரித்துக்கொண்டான். அவனுக்கு உள்ளூரப் பெருமை.

நான் விடியுமுன்பே முட்டைகோஸ், சாலடுக் கீரை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கி, பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வருகிறவன். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். மார்ச் மாதத்தில் ஒருநாள் அரைத்தூக்கத்தில் சுவருக்கு அப்பாலிருந்து கிட்டார் கேட்டது. குகன் லீவு போட்டிருப்பான் என்று புரண்டு படுத்தேன். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். குகன் வாசித்தால் வரிசையாகக் கட்டுக் கட்டாக விழும், செங்கல் அடுக்குகிற மாதிரி. இது அப்படி இல்லை. ஒற்றைக் கம்பியில் மெதுவாக வழி தேடிப் போனது. தப்பினால் நின்றது, திரும்பி வந்து சரியான இடத்தை மிதித்தது. ஒரு வாரம் போவதற்குள், வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவில் பாடுகிற, குகன் ராத்திரியில் நடு மியூசிக்கில் முட்டிக்கொண்டு நிற்கிற அம்மன் பாட்டு சுவருக்குள் நடந்துவர ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தபடி காத்திருந்து கேட்டேன்.

வாங்கியிருந்த சம்பல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ஒருநாள் பின்கதவால் போனேன். திலகா பெட்டிக்குப் பின்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சக்களத்தி.

"அண்ணே!" என்று துள்ளி எழப் பார்த்தாள்.

"உக்காரு, உக்காரு. நான் ஒண்ணும் பாக்கல."

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எப்புடி ஆரம்பிச்சது தெரியுமாண்ணே? செவந்தித் தோட்டத்துல நாள் முழுக்க மொட்டுக் கிள்ளுறேன். பச்சத் தண்ணி பட்டுப் பட்டு மூணு மணிக்கு வீட்டுக்கு வர்றப்ப வெரல் மரத்துப் போயிடும். இந்தப் பொட்டிக்குப் பின்னால கண்ணாடி பல்பு எரியுதுல்ல, சூடா இருக்கும். கை காயலாம்னு தட்டி வுட்டேன். முழங்கை கம்பியில பட்டுட்டுது. பாருங்க..."

ஒரு கம்பியைத் தட்டினாள். அது ஒலித்தது. ஒலித்து முடியவில்லை, அறையிலேயே தங்கியது. அவள் விரலை லேசாக அசைத்ததும் நடுங்கி, மெலிந்து, போகிற போக்கில் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

"இது போவல பாத்தீங்களா? ரிங்லெட்டுல அப்பா வீட்டுல ஆர்மோனியம் இருந்துச்சி, பஜனைக்கு நான்தான் வாசிப்பேன். கல்யாணத்தோட அது போச்சி. அதுல வெரல எடுத்தா சத்தம் அறுந்துடும். இது இருக்குது. கட்ட ஒடம்பு என் வயித்துல ஒட்டிக்கிட்டு அதிருது. நான் சொல்றது ஒங்களுக்குப் பைத்தியமாத் தெரியும்."

"தெரியல தங்கச்சி."

"இம்புட்டு நாளா இதத் திட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப தோட்டத்துல மொட்டுக் கிள்ளுறப்ப மணி மூணு ஆவாதான்னு இருக்கு. அவரு வந்து தொட்டா எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. மெரட்டி வாசிக்கிறாரு. சொல்லிடாதீங்கண்ணே."

"நான் ஏன் சொல்றேன்?" என்றேன். சொல்லக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியும் கோயில் செயலாளருமான ராதாகிருஷ்ணன் இந்த வருஷம் வாடகைக் குழு வேண்டாம், குகனின் கிட்டாரே போதும் என்று சொல்லிவிட்டார். குகனின் கால் தரையில் படவில்லை. கம்பி வாங்க என்னோடு லோரியில் பிரிஞ்சாங்குக்கு வந்தான். வழி நெடுகப் பேச்சு.

"மச்சான், புதுக் கிட்டாரு எவன் கையிலயும் பாடும். இது அப்புடி இல்ல லா. ஆளப் பாத்துத்தான் பேசும். அம்பது வருஷம் எத்தன கை பட்டிருக்கும்? கடைசியா என் கையத்தான் தேர்ந்தெடுத்திருக்கு. வேற ஆளு தொட்டா முனகிக்கிட்டுச் சும்மா கெடக்கும்."

எனக்கு என் லோரி ஞாபகம் வந்தது. குளிர்நாளில் அது எனக்கே கிளம்பாது. எனக்கென்று ஒரு பொருள் இந்த உலகத்தில் பேசியதில்லை. இவனுக்கு மட்டும் என்ன வந்தது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த இடத்தில்தான்.

"சரியாச் சொன்ன. புதங்கெழம மத்தியானம் அம்மன் பாட்டுல நடு மியூசிக் வாசிச்சியே, அதாண்டா வாசிப்பு. இம்புட்டு நாள் நீ வாசிச்சது எல்லாம் அதுக்கு ஒற போடக் காணாது."

"புதங்கெழம மத்தியானம் நான் பேக்டரில இருந்தேன் மச்சான்."

"அப்புடியா? அலாமாக்," என்று மலாய்க்காரன் மாதிரி வியந்தேன்.

வாய் தவறி வந்தது என்று நீலாவதியிடம் சொன்னேன். தவறி வரவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். குகன் கம்பி வாங்கவும் மறந்துவிட்டான்.

அன்று சாயந்திரம் கிட்டாரைத் தூக்கித் திலகாவின் கையில் கொடுத்தான்.

"வாசி."

"என்னாங்க..."

"வாசின்னு சொன்னேன்ல. கோவமெல்லாம் இல்ல. வாசி."

அவள் வாசித்தாள். குகன் மூன்று மாதமாக முட்டி மோதிக்கொண்டிருந்த நடு மியூசிக்கைத் தண்ணீர் வாய்க்காலில் போகிற மாதிரி கொண்டுபோனாள். லயத்துச் சனம் ஒவ்வொருவராக வாசலில் கூடிவிட்டது. பேரேட்டோடு அந்தப் பக்கமாக வந்த கிராணியும் நின்று கேட்டார். முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"ஏம்மா, இம்புட்டு வச்சிக்கிட்டா சும்மா இருந்த? குகா, திருவிழாவுக்குத் தங்கச்சியே வாசிக்கட்டும்பா. நீ கூட நின்னு தாளம் கீளம் போடு."

கூட்டம் கைதட்டியது. குகனும் தட்டினான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தேன். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன் சிரிக்கிற சிரிப்பு. அவளைவிட நீ நன்றாக வாசிக்கிறாய் என்று அவனிடம் சொல்ல ஓர் ஆள்கூட அங்கே இல்லை. சின்ன வயதிலிருந்து இரவல் கிட்டாரில் தேய்ந்த விரல்களை அவன் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் விடிகாலையில் கிட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

"இத எங்க கொண்டு போறீங்க?" என்றாள் திலகா. நான் லோரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஈரம் ஏறியிருக்கு. டிரையர் பின்னால ரெண்டு நாள் இருக்கட்டும்."

இரண்டு நாள் எட்டு நாளாயிற்று. பகல் மூன்று மணிக்குச் சுவருக்கு அப்பால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பதாம் நாள் சாயந்திரம் சண்டை வெடித்தது. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

"திருவிழாவுக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. கிட்டாரு எங்க?"

"ஈரம் இன்னும் போவல."

"அது ஈரம் இல்லங்க. ஒங்க வயித்தெரிச்சல். கிட்டார நான் தொட்டதுல கூட ஒங்களுக்கு வருத்தமில்ல. நல்லா வாசிச்சிட்டேன் பாருங்க, அதான்."

"ஆமா லா! ஆமா! நான் சின்னப்புள்ளையிலேருந்து இதுக்காக நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சேன். நீ கை காய உக்காந்து கத்துக்கிட்ட. எனக்கு எப்புடி இருக்கும்?"

"எனக்கு எப்புடி இருந்துச்சி, நீங்க அதப் போத்தித் தூங்க வச்சப்ப?"

பிறகு திலகா தணிந்த குரலில் சொன்னாள். பலகைச் சுவர் என்பதால் அதுவும் கேட்டது.

"தோட்டத்துல நுனி மொட்டு பெருசா வரணும்னு பக்கத்து மொட்டையெல்லாம் கிள்ளிப் போடுறேன். அதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. நீங்க சம்பளம் வாங்காமலே கிள்ளுறீங்க."

நீலாவதி என்னைப் பார்த்தாள். "ஒங்க வாய்தான்," என்றாள். நான் தட்டில் கை கழுவினேன்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது நல்ல மழை. குகன் சாக்கு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான், குடை இல்லை. நேரே தன் வீட்டுக்குப் போகாமல் என் லோரி ஷெட்டில் நுழைந்தான்.

"மச்சான், பாரு."

சாக்கைப் பிரித்தான். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினான். கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிகள் கட்டையை விட்டு ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றன.

"அழுத்திப் பாரு. கம்பி கட்டையில உக்காரவே மாட்டேங்குது. அனல்ல பழைய பசை எளகிடுச்சி. அம்பது வருஷத்து மரம் மச்சான். மெத்தைக்கு அடியில பூஞ்சக்காளானோட கெடந்தப்பகூட நேராத்தான் இருந்துச்சி."

"தவிலே அங்க போயிட்டு வந்துச்சே குகா?"

"தவிலு ஒரு ராத்திரி இருந்துச்சி. இத ஒம்பது நாள் வச்சேன். ஒரே நாள்ல காஞ்சிருச்சி, தெரியும் எனக்கு. தெரிஞ்சேதான் வச்சேன். அவ கைக்குக் குடுக்க மனசு வரல. நான்தான் கொன்னுட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்றால்கூடப் பரவாயில்லை. இவன் பிடித்ததே பிள்ளையார் இல்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்ததால் துண்டைக் கொடுத்தேன். துவட்டிக்கொண்டு, "நீயும் வா, தனியாப் போக முடியாது," என்றான். போனேன்.

திலகா கட்டிலில் உட்கார்ந்து விரல்களுக்குக் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மொட்டுக் கிள்ளிக் கிள்ளி மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. குகன் கிட்டாரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்கே வைத்தான், எத்தனை நாள் வைத்தான், ஏன் வைத்தான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். கத்துவாள், எதையாவது தூக்கி வீசுவாள் என்று நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். அவள் கத்தவில்லை. மடியில் படுக்கவைத்து ஒரு கம்பியை அழுத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. இரண்டு விரலால் அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏங்க இப்புடிப் பண்ணீங்க?"

குகன் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டு ஒயரைச் சொருகினான். எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஏதாவது செய்ய வேண்டுமென்று கை பரபரத்திருக்கும்.

திலகா முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். இடது கையில் தைலக் குப்பி இருந்தது மறந்துபோய் அது கம்பியில் உரசி வழுக்கியது. பெட்டியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கிட்டார் என்று சொல்ல முடியாது. கோயில் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவாரே, அந்த இழுப்பு.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

திலகா குப்பியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கம்பியின் மேல் மெதுவாக வைத்து நகர்த்தினாள். அழுத்த வேண்டியதே இல்லை. கம்பி அந்த உயரத்தில் நின்றதுதான் வசதியாகப் போயிற்று. அம்மன் பாட்டின் முதல் வரி தட்டுத்தடுமாறி வந்தது. இரண்டாம் தடவை வழுக்கிக்கொண்டு வந்தது. விரலால் வாசித்தபோது இல்லாத அழுகை ஒன்று அதில் இருந்தது.

"குடு, நான் பாக்குறேன்," என்றான் குகன்.

வாங்கி மடியில் வைத்து இழுத்தான். கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பூனை கத்துகிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை இழுத்தான். இன்னொரு பூனை. திலகாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. குகனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெடுத்தது இவன். அந்தக் கெடுதலும் அவளுக்கே வரமாகிப் போனால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? அன்று அவன்மேல் எனக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது.

திருவிழாவன்று பகல் அன்னதானம் முடிந்து மூன்று மணிக்குக் கச்சேரி. பந்தலுக்குள் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கடுகு நிறப் புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திலகா நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டை குகனுடையது என்று நீலாவதி என் காதில் சொன்னாள். கிட்டாரை மடியில் படுக்கவைத்து, தைலக் குப்பியைக் கையில் எடுத்தாள். கிராணி ஒலிபெருக்கியில் நாலு வார்த்தை பேசி இறங்கினார். முன்வரிசையில் மேனேஜர், பின்னால் லயத்துச் சனம், ஓரமாகப் பங்களாதேஷ் பையன்கள். பெட்டிக்கு முன்னால் மைக் வைத்திருந்தார்கள். நாலு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கருக்கு அதுதான் வழி.

திலகா குப்பியை வைத்து இழுத்தாள். 'கொர்' என்றது, செத்துவிட்டது. மேடைக்குத் தூக்கி வரும்போது வெள்ளித்தாள் எங்கேயோ விழுந்திருக்கிறது. கூட்டம் சலசலத்தது. குகன் மேடை ஓரத்திலிருந்து ஓடிவந்து அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். ஒயரின் முனையைத் துளையில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான். ஸ்பீக்கர் உறுமி உயிர் பெற்றது. முகத்தைக் கிட்டாருக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் ரகசியம் சொன்னான். வழக்கம்போல மறந்துவிட்டான்.

"கைய எடுத்தா சத்தம் போயிடும். நான் புடிச்சிக்கிறேன். எனக்கு வயிறு எரியுது திலகா, பொய் சொல்ல மாட்டேன். ஒன்னோட கை எனக்கு வரல. நீ வாசி."

நாலு ஸ்பீக்கரும் அதை மலை முழுவதற்கும் சொல்லிவிட்டன.

பந்தலே சிரிப்பில் குலுங்கியது. மேனேஜருக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள், அவரும் சிரித்தார். குகனின் காதுமடல் சிவந்து போயிற்று. ஆனால் கை ஒயரை விடவில்லை. திலகா சிரிக்கவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குப்பியைக் கம்பியில் வைத்தாள்.

எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். நான் அவன் கையைப் பார்த்தேன். ஒரு விரலை லேசாகத் தளர்த்தினால் போதும், சத்தம் போய்விடும். பழைய சாமான், இப்படித்தான் என்று ஊரே கிட்டார்மேல் பழியைப் போட்டுவிடும். ஒருவருக்கும் தெரியாது. நடு மியூசிக் வந்தது. அவனை மூன்று மாதம் அலைக்கழித்த அதே இடம். அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் அதை இழுத்து, வளைத்து, எங்கள் மாரியம்மன் எழுந்து வந்துவிடுவாள் போல வாசித்தாள். குகனின் மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் ஒரு முறை கரகரத்தது. விட்டுவிடு என்று என் மனத்துக்குள் ஒரு பாவி சொன்னான், அது நான்தான். குகன் இன்னொரு கையையும் கொண்டுவந்து முதல் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கரகரப்பு நின்றது. பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தான், கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் நீலாவதி மூக்கை உறிஞ்சினாள். "நீங்க என்னிக்காவது இப்புடி ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள். லோரியில் நான் தெரிந்தேதான் சொன்னேன் என்று அப்போதுதான் அவளிடம் ஒப்புக்கொண்டேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள்.

மேடையில் குகன் இன்னும் மண்டியிட்டபடி இருந்தான். விரல் மரத்துப்போய் ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திலகா குனிந்தாள்.

"இன்னும் எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும். அடுத்த பாட்டுக்கும் புடிங்க."

அதுவும் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.